பஸ்ல ஏறும்போது அரசு என்ன கேட்குது? ராயக்கோட்டையிலிருந்து லக்ஸம்பர்க் வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு ஒப்பீடு. நாடுகளை ஒப்பிடுறதுன்னாலே நம்ம பேச்சு ரெண்டு தடத்துல போயிடும். "சிங்கப்பூரைப் பாரு, ஜப்பானைப் பாரு, நம்ம ஊரு எப்போ உருப்படும்"னு ஒண்ணு. "அங்க ஜனத்தொகை கம்மி, இங்க அதெல்லாம் ஒத்து வராது"ன்னு இன்னொண்ணு. ரெண்டுலயும் ஒப்பீடுன்னு எதுவும் நடக்கிறதில்லை.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு சேவையை மட்டும் எடுத்துக்கப் போறேன்: டிக்கெட் காசு இல்லாத பஸ். தமிழ்நாட்டுல இருக்கு, கர்நாடகத்துல இருக்கு, எஸ்டோனியாவோட தலைநகர் டாலின்ல இருக்கு, லக்ஸம்பர்க்ல நாடு முழுக்க இருக்கு. எந்த பஸ் புதுசு, எதுல ஏசி இருக்குன்னு பார்க்கப் போறதில்லை. ஒரு பொண்ணு பஸ்ல ஏறும்போது அந்த அரசு அவங்ககிட்ட என்ன கேட்குது? அதை மட்டும் பார்ப்போம். அந்த ஒரு கேள்வியில அந்தத் திட்டத்தோட மொத்தக் கணக்கும் தெரிஞ்சிடும்.

முதல்ல ராயக்கோட்டை

இந்த ஒப்பீட்டை ஏன் ராயக்கோட்டையில ஆரம்பிக்கிறேன்னா, அது எல்லைக்குப் பக்கத்து ஊர். ஒரு திட்டம் எப்படி வேலை செய்யுதுன்னு தலைநகர்ல நின்னு பார்த்தா பாதிதான் தெரியும். எல்லையில நின்னு பார்த்தா அது யாரை உள்ளே விடுது, யாரை வெளியே நிறுத்துதுங்கிறது பளிச்சுனு தெரியும்.

தெரியாதவங்களுக்காக: ராயக்கோட்டை கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கு. தக்காளிக்குப் பேர் போன ஊர். மண்டியில விடியறதுக்கு முன்னாடியே கிரேட் அடுக்கற சத்தம் கேட்கும். பெங்களூருல இருந்து ஓசூர், தர்மபுரி வழியா சேலம் போற ரயில் பாதையில ஒரு ஸ்டேஷன். ஊருக்கு மேல மலையில ஒரு கோட்டை நிக்குது. மைசூர் மேட்டுநிலத்துல இருந்து பாராமகாலுக்கு இறங்குற கணவாயைக் காவல் காத்த கோட்டை அது. 1791-ல, மூன்றாம் மைசூர்ப் போர்ல, திப்புவோட ஆட்கள்கிட்ட இருந்து கம்பெனிப் படை அதைப் பிடிச்சது. அடுத்த வருஷம் போட்ட ஒப்பந்தத்துல பாராமகால் கம்பெனி கைக்குப் போச்சு. ஆக, "இந்தப் பக்கம் யாரோடது, அந்தப் பக்கம் யாரோடது"ங்கிற கேள்வி இந்த ஊருக்கு 200 வருஷத்துக்கும் மேல பழசு.

ஆனா ஜனங்க எந்தக் காலத்துலயும் அந்தக் கோட்டைப் பார்த்து வாழ்ந்ததில்லை. இங்க தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் புழங்கும். அம்மா வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம், மாமியார் வீடு ஆனேக்கல் பக்கம்னு இருக்கிற குடும்பங்கள் ஏராளம். வேலையும் அப்படித்தான். ஓசூர்ல டிவிஎஸ், அசோக் லேலண்ட். கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை. ஓசூரைத் தாண்டினா எல்லையில அத்திப்பள்ளி, அப்புறம் சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. தொழிற்சாலைகள் வரிசையா ஒரே தெரு மாதிரி போகுது. நடுவுல ஒரு கோடு இருக்கிறது, பஸ் மாறும்போதுதான் ஞாபகம் வரும்.

ரெண்டு அரசு, ரெண்டு கேள்வி

2021 மே 7-ஆம் தேதி மு.க. ஸ்டாலின் முதலமைச்சரா பதவியேற்ற அன்னைக்கே கையெழுத்துப் போட்ட முதல் உத்தரவுகள்ல ஒண்ணு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துல பெண்களுக்குக் கட்டணம் இல்லைங்கிறது. மறுநாளே நடைமுறைக்கு வந்துடுச்சு. கொஞ்ச நாள்ல திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவங்க கூட வர்ற உதவியாளருக்கும் சேர்த்தாங்க. 2023-ல 'விடியல் பயணம்'னு பேர் வெச்சாங்க. ஆரம்பத்துல இதுக்காக ஒதுக்கினது 1,200 கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்ல 3,600 கோடி. மாநிலத் திட்டக்குழு செஞ்ச ஆய்வுல, ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு சொன்னாங்க. ஓசூர்ல ரூம் வாடகையைப் பங்கு போட்டுக் கட்டுற ஒரு பொண்ணுக்கு அந்த 888 ரூபாய் என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

கர்நாடகத்துல 2023 ஜூன் 11-ஆம் தேதி 'சக்தி' திட்டம் ஆரம்பிச்சது. கேஎஸ்ஆர்டிசி, பிஎம்டிசி உள்பட நாலு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்லயும், ஏசி, சொகுசு வண்டிகளைத் தவிர்த்த பஸ்கள்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ் மட்டும்னு இல்லை. பெங்களூருல ஏறி மைசூரு போகலாம், தர்மஸ்தலா போகலாம், வடக்கே பெலகாவி வரைக்கும் போகலாம். 2025 ஜூலையில மொத்தப் பயணங்கள் 500 கோடியைத் தாண்டினதைப் பெரிய விழாவாவே கொண்டாடினாங்க.

இப்ப கேள்விக்கு வருவோம்.

தமிழ்நாட்டுல கண்டக்டர் உங்ககிட்ட எதுவும் கேட்க மாட்டார். ஆதார் வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், எந்த ஊர், எந்த மாநிலம் எதுவும் வேண்டாம். கணக்குக்காக ஒரு கட்டணமில்லா டிக்கெட் கிழிச்சுக் கொடுப்பார், அவ்வளவுதான். ஆனா தமிழ்நாடு பஸ்கிட்ட ஒரு கேள்வி கேட்குது: "நீ சாதாரண டவுன் பஸ்ஸா?" ஆமான்னா கட்டணம் இல்லை. எக்ஸ்பிரஸ்னா, மொஃபசில்னா, காசு.

கர்நாடகம் பஸ்கிட்ட அவ்வளவா கேட்கிறதில்லை. உங்ககிட்ட கேட்குது: "உன் விலாசம் கர்நாடகமா?" போட்டோவும் கர்நாடக விலாசமும் இருக்கிற அரசு அடையாள அட்டையைக் காட்டணும். காட்டினா பூஜ்ய ரூபாய் டிக்கெட். இல்லைன்னா முழு டிக்கெட்.

தமிழ்நாடு வண்டியைப் பார்த்து முடிவு பண்ணுது. கர்நாடகம் ஆளைப் பார்த்து முடிவு பண்ணுது. இந்த எபிசோடுல நான் சொல்ல வர்றதுல முக்கால்வாசி இந்த வித்தியாசம்தான்.

மூணு பொண்ணுங்க

உதாரணத்துக்கு மூணு பேரைக் கற்பனை பண்ணிக்குவோம்.

முதல் பொண்ணு ராயக்கோட்டைப் பக்கத்து கிராமம். பொம்மசந்திராவுல ஒரு கம்பெனியில வேலை. ஓசூர் வரைக்கும், டவுன் பஸ் கிடைச்சா காசு இல்லை. அத்திப்பள்ளியில பிஎம்டிசி வண்டி ஏறினா டிக்கெட் எடுக்கணும். அவங்க விலாசம் கிருஷ்ணகிரி மாவட்டம்.

ரெண்டாவது பொண்ணு ஆனேக்கல். ஓசூர் சிப்காட்ல வேலை. அத்திப்பள்ளி வரைக்கும் 'சக்தி'. ஓசூருக்குள்ள தமிழ்நாட்டு டவுன் பஸ் ஏறினா அதுலயும் காசு இல்லை. யாரும் விலாசம் கேட்கல.

மூணாவது பொண்ணு ஜார்க்கண்ட். சில வருஷமா ஜார்க்கண்ட்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் நிறைய இளம் பெண்கள் இங்க எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வர்றாங்க. ஹாஸ்டல்ல தங்குறாங்க. ஞாயித்துக்கிழமை ஓசூர் கடைத்தெருவுக்குப் போக டவுன் பஸ் ஏறுறாங்க. கண்டக்டருக்கும் அவங்களுக்கும் பொதுவா ஒரு மொழி கூட இருக்காது. ஆனா அவங்களுக்கும் காசு இல்லை. அதே பொண்ணு பெங்களூருப் பக்கம் போய் வேலைக்குச் சேர்ந்தா, ஆதார் விலாசத்தை மாத்துற வரைக்கும் காசு. விலாசம் மாத்த வாடகை ஒப்பந்தம் மாதிரி ஏதாவது ஒரு சான்று வேணும். ஹாஸ்டல்ல ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுக்கிற பொண்ணு எதைக் காட்டுவாங்க?

கல்யாணம் ஆகி எல்லை தாண்டிப் போன பொண்ணுக்கும் இதே கதைதான். வாழுறது ஆனேக்கல். ஆதார்ல இன்னும் அப்பா பேரும் அம்மா வீட்டு விலாசமும். அட்டையைப் பொறுத்தவரைக்கும் அவங்க இன்னும் தேன்கனிக்கோட்டை பொண்ணு.

கர்நாடகம் கேட்கிறதுலயும் நியாயம் இருக்கு

இதோட நிறுத்தினா "தமிழ்நாடு கெத்து, கர்நாடகா வேஸ்ட்"னு ஒரு ரீல் போட்டுடலாம். அது சரியான கணக்கு இல்லை.

கர்நாடகம் ஏன் விலாசம் கேட்குது? அவங்க கொடுக்கிற சேவை ரொம்ப அகலமானது. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகலாம். விலாசம் கேட்காம விட்டா, சுற்றுலாவுக்கும் கோயிலுக்கும் எல்லா மாநிலத்துல இருந்தும் வர்றவங்க செலவையும் கர்நாடகம்தான் ஏத்துக்கணும். தமிழ்நாடு விலாசம் கேட்காம இருக்க முடியறதுக்குக் காரணம், கொடுக்கிறது குறுகலானது. டவுன் பஸ்ல ஏறி யாரும் ராமேஸ்வரம் போக முடியாது. வண்டியே ஆளை வடிகட்டிடுது.

அந்த வடிகட்டல்ல அடிபடுறது யாருன்னு பாருங்க. ராயக்கோட்டையில இருந்து ஓசூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். சென்னையில அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ் வர்ற ரூட்ல நிக்கிற பொண்ணுக்கும், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு டவுன் பஸ் வர்ற கிராமத்துல நிக்கிற பொண்ணுக்கும் ஒரே திட்டம், ஆனா ஒரே பலன் இல்லை. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சுன்னா வர்ற மொஃபசில்ல காசு கொடுத்துத்தான் ஏறணும். இந்தக் குறை அரசுக்குத் தெரியாததும் இல்லை. 2024 பட்ஜெட்ல நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மாதிரி மலைப்பகுதிகளுக்குத் திட்டத்தை நீட்டிச்சாங்க. டவுன் பஸ்ஸே இல்லாத இடத்துல 'டவுன் பஸ்ல இலவசம்'னா அர்த்தமே இல்லைங்கிறதை ஒத்துக்கிட்ட மாதிரிதான் அது.

மத்த மாநிலங்களையும் சொல்லிடுறேன். பஞ்சாப், 2021 ஏப்ரல்: அந்த மாநிலப் பெண்களுக்கு, அட்டை காட்டணும். தெலங்கானா, 2023 டிசம்பர்: அதே மாதிரி. ஆந்திரா, 2025 ஆகஸ்ட் 15: அதே மாதிரி. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஆந்திர எல்லையும் உண்டுங்கிறதால குப்பம் பக்கம் போறவங்களுக்கும் இது பொருந்தும். டெல்லி 2019-ல ஆரம்பிச்சப்போ விலாசம் கேட்காம பிங்க் டிக்கெட் கொடுத்தது. 2025-ல, டெல்லி விலாசம் உள்ள பெண்களுக்கு மட்டும் அட்டை கொடுக்கிற முறைக்கு மாறப் போறோம்னு அறிவிச்சாங்க. நாட்டுல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு இதுல தெரியுது. "ஏறும்மா"ங்கிறதுல இருந்து "கார்டை எடும்மா"ங்கிற பக்கம்.

டாலின்: விலாசம் கேட்டு லாபம் பார்த்த நகரம்

இப்ப வெளிநாட்டுக்குப் போவோம். எஸ்டோனியா, டிஜிட்டல் அரசாங்கம்னாலே எல்லாரும் காட்டுற நாடு. அதோட தலைநகர் டாலின்ல 2012-ல மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தினாங்க, ஏறக்குறைய 75 சதவீதம் பேர் சரின்னாங்க. 2013 ஜனவரி 1-ல இருந்து நகரப் போக்குவரத்துல கட்டணம் இல்லை. யாருக்கு? டாலின்ல பதிவு பண்ணின குடிமக்களுக்கு மட்டும். மத்தவங்க, சுற்றுலாப் பயணிங்க, காசு கொடுக்கணும்.

ஆக, டாலின் கேட்கிறது கர்நாடகம் கேட்கிற அதே கேள்வி. ஆனா அது கண்டக்டர் வாயில இருந்து வர்றதில்லை. உங்க பயண அட்டை மக்கள்தொகைப் பதிவேட்டோட இணைஞ்சிருக்கும். நீங்க கார்டைத் தட்டினா போதும், நீங்க டாலின்காரரான்னு சிஸ்டத்துக்கு ஏற்கனவே தெரியும். நெரிசல்ல நின்னுக்கிட்டு போன்ல ஆதார் போட்டோவைத் தேட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், இதுல நகரத்துக்கு ஒரு லாபக் கணக்கும் இருந்தது. எஸ்டோனியாவுல நீங்க எந்த நகரத்துல பதிவு பண்ணியிருக்கீங்களோ, உங்க வருமான வரியில ஒரு பங்கு அந்த நகரத்துக்குப் போகும். டாலின்ல வாழ்ந்துக்கிட்டு சொந்த ஊர்ல பதிவு வெச்சிருந்த ஆயிரக்கணக்கான பேர் பஸ்ஸுக்காகப் பதிவை மாத்தினாங்க. வரி வருமானம் கூடிச்சு. விலாசம் கேட்டதுக்கு அங்க ஒரு பொருளாதாரக் காரணம் இருந்தது.

பலன் முழுசா நினைச்ச மாதிரி வந்துச்சான்னா, இல்லை. முதல் வருஷத்தை ஆய்வு செஞ்சவங்க, பொதுப் போக்குவரத்துப் பயன்பாடு 14 சதவீதம் கூடினதைப் பார்த்தாங்க. ஆனா அதுல பெரும்பங்கு கார்ல இருந்து மாறினவங்க இல்லை. முன்னாடி நடந்து போனவங்க. நம்ம ஊர்ல இதைக் கேட்டா "அதனால என்ன"ன்னுதான் நான் சொல்லுவேன். வெயில்ல நாலு கிலோமீட்டர் நடந்த ஒரு அக்கா பஸ்ல ஏறினா, அது தோல்விக் கணக்குல வராது.

லக்ஸம்பர்க்: ஓசூரோட ஐரோப்பிய உறவுக்காரன்

எனக்கு இந்த ஒப்பீட்டுல ரொம்பப் பிடிச்சது லக்ஸம்பர்க். ஏன்னா அது அப்படியே நம்ம ஓசூர்–பெங்களூரு நிலைமை.

ரொம்பச் சின்ன நாடு. சுத்தி பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி. வேலை எல்லாம் லக்ஸம்பர்க்ல, வீட்டு வாடகை கட்டுப்படியாகிறது எல்லைக்கு அந்தப் பக்கம். அதனால தினமும் 2 லட்சத்துக்கும் மேல ஆட்கள் எல்லை தாண்டி வேலைக்கு வந்துட்டுப் போறாங்க. அந்த நாட்டுல வேலை பார்க்கிறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் இவங்கதான். இப்ப அத்திப்பள்ளி டோல்கேட்டைக் காலையில எட்டு மணிக்கு மனசுல நினைச்சுக்கோங்க.

2020-ல, மார்ச் 1-ஆம் தேதியை ஒட்டி, லக்ஸம்பர்க் நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாத்துலயும் கட்டணத்தை எடுத்துட்டாங்க. ரயில்ல முதல் வகுப்புக்கு மட்டும் காசு. விலாசம் கேட்கிறதில்லை. குடிமகனா, வேலைக்கு வந்தவரா, ஒரு நாள் சுத்திப் பார்க்க வந்தவரா, எல்லாருக்கும் ஒண்ணுதான். ஜெர்மனியில டிரியர்ல இருந்து ரயில் ஏறுறவர் எல்லை வரைக்கும் டிக்கெட் எடுக்கணும். எல்லைக்கு இந்தப் பக்கம் டிக்கெட்டே கிடையாது.

இதுல கவனிக்க வேண்டியது, பிரான்ஸ்ல குடியிருக்கிற அந்தத் தொழிலாளிக்கு லக்ஸம்பர்க் நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டுக் கிடையாது. ஓட்டே இல்லாத ஆளுக்கும் ஒரு அரசு இதைக் கொடுத்திருக்கு. காரணம் வெறும் பெருந்தன்மைன்னு நான் சொல்லல. அவங்க வரலைன்னா அந்த நாடே ஓடாது. அவங்க கார்ல வந்தா ரோடு தாங்காது.

ஆனா அவங்களால முடிஞ்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதை மறைச்சா ஏமாத்துற மாதிரி ஆயிடும். அங்க டிக்கெட் வருமானம் வருஷத்துக்குச் சுமார் 4 கோடி யூரோ. போக்குவரத்தை நடத்துற செலவு 50 கோடி யூரோ அளவுல. பத்துல ஒரு பங்கு கூட டிக்கெட்ல வரல, மீதியை ஏற்கனவே வரிப்பணம்தான் சுமந்துக்கிட்டு இருந்தது. டிக்கெட்டை எடுத்ததுல இழந்தது கொஞ்சம். நம்ம போக்குவரத்துக் கழகங்கள் டிக்கெட் காசை நம்பி ஓடுறவை. தமிழ்நாட்டுல பஸ் கட்டணம் கடைசியா ஏறினது 2018 ஜனவரியில. கர்நாடகத்துல 2025 ஜனவரியில 15 சதவீதம் ஏத்தினாங்க. அதனால "லக்ஸம்பர்க் பண்ணுது, நீ ஏன் பண்ணல"ன்னு நேரடியாக் கேட்க முடியாது. ஆனா கேட்க வேண்டிய வேற ஒண்ணு இருக்கு: எல்லை தாண்டி உழைக்க வர்றவங்களை உங்க திட்டத்துல எங்க வெச்சிருக்கீங்க?

பொம்மசந்திராவுல வேலை பார்க்கிற நம்ம ராயக்கோட்டை பொண்ணோட உழைப்பு கர்நாடகத்துலதான் சேருது. அங்க அவங்க வாங்குற சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டுற ஜிஎஸ்டியில பாதி கர்நாடகத்துக்குப் போகுது. அதே மாதிரி, ஆனேக்கல் பொண்ணு ஓசூர்ல உழைக்கிறதுல தமிழ்நாட்டுக்குப் பங்கு இருக்கு.

கணக்கை யார் பார்க்கணும்?

"சரி, ரெண்டு அரசு சேர்ந்து இதை எப்படித் தீர்க்கிறது? காசை யார் கொடுக்கிறது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி.

ஜெர்மனியைப் பாருங்க. அதுவும் நம்மளை மாதிரி கூட்டாட்சி, 16 மாநிலங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனி போக்குவரத்து அமைப்பு, தனித்தனிக் கட்டணம். 2022 கோடையில மூணு மாசத்துக்கு 9 யூரோ டிக்கெட்னு ஒண்ணு விட்டாங்க. ஒரே டிக்கெட்ல நாடு முழுக்க உள்ளூர் பஸ்ஸும் சாதாரண ரயிலும். அது ஓஹோன்னு போகவே, 2023 மே மாசத்துல 49 யூரோவுக்கு நிரந்தர மாதாந்திர டிக்கெட் வந்தது. 2025-ல 58 யூரோ, 2026-ல 63 யூரோன்னு ஏறிடுச்சு, அதுல அங்க சண்டையும் இருக்கு. ஆனா நஷ்டத்தை மத்திய அரசும் மாநிலங்களும் சரிபாதியாப் பகிர்ந்துக்கிறாங்க. எந்த மாநிலத்துக்கு எவ்வளவுங்கிற தகராறு அலுவலகத்துக்குள்ள நடக்குது. பயணி படிக்கட்டுல நின்னு பதில் சொல்ல வேண்டியதில்லை.

"அதெல்லாம் ஜெர்மனிக்காரன்"னு சொல்றவங்களுக்கு, நம்மகிட்டயே ஒரு உதாரணம் இருக்கு. ரேஷன். 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தை 2019-ல எப்படி ஆரம்பிச்சாங்க தெரியுமா? பக்கத்துப் பக்கத்து மாநிலங்களை ஜோடி ஜோடியா இணைச்சு. ஆந்திரா–தெலங்கானா ஒரு ஜோடி, குஜராத்–மகாராஷ்டிரா ஒரு ஜோடி. தமிழ்நாடு 2020 அக்டோபர்ல சேர்ந்துச்சு. 2022 ஜூன்ல அசாமும் சேர்ந்ததோட நாடு முழுக்க முடிஞ்சது. ஜார்க்கண்ட் கார்டு வெச்சிருக்கிறவங்க ஓசூர் ரேஷன் கடையில கைரேகை வெச்சு, மத்திய அரசுத் திட்டத்துல தங்களுக்கு உள்ள தானியத்தை வாங்கலாம். அங்கயும் அடையாளம் கேட்கிறாங்க. ஆனா வேற மாநிலம்னு திருப்பி அனுப்பக் கூடாது. யார் கணக்குல எவ்வளவு போச்சுங்கிறதைக் கம்ப்யூட்டர் பின்னாடி பார்த்துக்கும்.

அரிசி எல்லை தாண்டிடுச்சு. பஸ் சலுகை இன்னும் அத்திப்பள்ளியில நிக்குது.

தொழில்நுட்பம் எந்தப் பக்கம் நிக்கணும்

நம்மகிட்ட டெக்னாலஜி இல்லைன்னு மட்டும் யாரும் சொல்ல முடியாது. மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே அட்டை போதும்கிற தேசியப் பொது அட்டை 2019-லயே வந்துடுச்சு. சென்னையில 2025 செப்டம்பர்ல 'சென்னை ஒன்' செயலி வந்து, எம்டிசி பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாத்துக்கும் ஒரே க்யூஆர் ஆச்சு. பூஜ்ய டிக்கெட்டை எண்ணிக் கணக்கு வைக்கிற மெஷின் ரெண்டு மாநிலக் கண்டக்டர் கையிலயும் இருக்கு.

ஆக, பிரச்சினை கருவியில இல்லை, அதை எதுக்கு வெச்சிருக்கோம்கிறதுல இருக்கு. ஒரே மெஷினை ஆளைச் சோதிக்கவும் பயன்படுத்தலாம், அரசுகளுக்கு நடுவுல கணக்குத் தீர்க்கவும் பயன்படுத்தலாம். முதல் வேலைக்குப் பயன்படுத்தினா சுமை பயணி தலையில. ரெண்டாவதுக்குப் பயன்படுத்தினா சுமை ரெண்டு செயலகங்கள் மேல. அவங்களுக்கு ஆள் இருக்கு, அலுவலகம் இருக்கு, ஃபேன் இருக்கு.

எல்லையைக் கடக்கிறது சுலபம்னு நான் சொல்லல. பெங்களூரு மெட்ரோவோட மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் ஓட ஆரம்பிச்சது. அங்க இருந்து ஓசூருக்கு நீட்டிக்கலாம்னு பேச்சு வந்தப்போ, ஒரு முட்டுக்கட்டை மின்சாரத்துல நின்னுச்சு. சென்னை மெட்ரோ தலைக்கு மேல கம்பியில 25,000 வோல்ட். பெங்களூரு மெட்ரோ தண்டவாளம் பக்கத்துல மூணாவது கம்பியில 750 வோல்ட். ரெண்டையும் ஒரே ரயில்ல கோக்கிறது கஷ்டம். சரி, மெட்ரோவுக்கு அது காரணமா இருக்கலாம். பஸ்ஸுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஓசூர்ல ஊத்துற டீசலும் ஆனேக்கல்ல ஊத்துற டீசலும் ஒண்ணுதான்.

அப்ப என்ன பண்ணலாம்?

என் யோசனை பெரிசா ஒண்ணும் இல்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் உள்ள ஒரே ஒரு தடம். அதுல ஓடுற ரெண்டு மாநிலத்துச் சாதாரண பஸ்லயும், பெண்கள்கிட்ட விலாசம் கேட்காம விடணும். பூஜ்ய டிக்கெட்டை எண்ணணும். வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு அரசும் உக்காந்து கணக்கு முடிச்சுக்கணும். எத்தனை வண்டி, எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர்னு ரெண்டு மாநிலமும் ஏற்கனவே போக்குவரத்து ஒப்பந்தம் போட்டுத்தான் எல்லை தாண்டி பஸ் ஓட்டுறாங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல அதுக்கு வழி இருக்கு. அந்த ஒப்பந்தத்துல இன்னும் ஒரு பக்கம் சேர்க்கணும்.

எதிர்ப்பு வரும். "எங்க வரிப்பணத்துல வேற மாநிலத்துக்காரங்களுக்கா?"ன்னு ரெண்டு பக்கமும் கேட்பாங்க. கணக்கு ரெண்டு பக்கமும் ஓடும்போது அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சிடுது. இன்னொரு எதிர்ப்பு, கூட்டம் தாங்காதுன்னு. இது உண்மையான பிரச்சினை. காசு இல்லைன்னு சொல்லிட்டு வண்டியைக் கூட்டலைன்னா, இலவசம்ங்கிறது தொங்கிக்கிட்டுப் போற உரிமையா ஆயிடும். ராயக்கோட்டைப் பக்கத்து கிராமங்கள்ல இன்னைக்கு வேண்டியதும் முதல்ல வண்டிதான்.

கேள்வி எப்பவும் உத்தரவுல எழுதித்தான் வரணும்னும் இல்லை. 2022-ல ஒரு அமைச்சரே மேடையில "ஓசி"ன்னு சொன்னாரு, பெரிய சர்ச்சை ஆச்சு. அட்டை கேட்காத பஸ்லயும் ஒரு பார்வை, ஒரு முணுமுணுப்பு, நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்துற வண்டின்னு கேள்வி வேற உருவத்துல வரும். அதை எந்தச் செயலியும் சரி பண்ணாது. அரசு அந்தப் பயணத்துக்குக் கழகத்துக்குக் காசு கொடுக்குது. டிரைவர், கண்டக்டர்ல இருந்து அமைச்சர் வரைக்கும் அது மண்டையில ஏறணும்.

அடுத்த தடவை யாராவது "அந்த நாட்டுல எப்படி இருக்கு பாரு"ன்னு ஒரு வீடியோ அனுப்பினா, பஸ் எவ்வளவு பளபளன்னு இருக்குன்னு பார்த்துட்டு விட்டுடாதீங்க. அதுல ஏற யாருக்கு உரிமை, அதை நிரூபிக்கிற வேலை யார் தலையில, காசு எங்க இருந்து வருது, இந்த மூணையும் தேடிப் பாருங்க. பஸ்ஸுக்கு மட்டும் இல்ல. ஆஸ்பத்திரி, ஸ்காலர்ஷிப், வாடகை வீட்டுல கரண்ட் பில்லுன்னு எதுக்கு வேணும்னாலும் இது பொருந்தும்.

நீங்க எல்லை தாண்டி வேலைக்குப் போற ஆளா இருந்தா, ஓசூர்–அத்திப்பள்ளி மட்டும் இல்ல, களியக்காவிளை, வாளையாறு, கும்மிடிப்பூண்டி எதுவா இருந்தாலும், மாசம் டிக்கெட்டுக்கு எவ்வளவு போகுது, எந்த இடத்துல அட்டை கேட்கிறாங்கன்னு எழுதி அனுப்புங்க. சேர்த்து வெச்சு இன்னொரு எபிசோடுல பேசுவோம்.